இரவல் விரல்

"கல்யாணத்துல உன் கையைப் பிடிச்சவன் நான் ஒருத்தன். அதுக்கப்புறம் நீ பிடிச்ச கைக்குக் கணக்கே இல்ல" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். மின்சாரத் துறையில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். அவர் கம்பத்தைப் பிடித்துப் பிழைத்தார், நான் கையைப் பிடித்துப் பிழைத்தேன். இரண்டிலும் ஷாக் அடிக்கும் என்பதுதான் என் பதில்.

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் ஒரு நகைக்கடையில் மோதிரப் பகுதியில் நின்றே என் தலை நரைத்தது. போன மாதம் அந்தப் பக்கம் மீன் வாங்கப் போனவள், கால் பழகிப்போய்க் கடைக்குள் நுழைந்துவிட்டேன். என் இடத்தில் இப்போது ஷபானா என்ற பெண் இருக்கிறாள். டிக்லிபூரிலிருந்து ஒருவர் தன் மனைவியின் விரலை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். போனை என்னிடம் நீட்டி, "ஆன்ட்டி, பாத்துச் சொல்லுங்களேன், எந்த சைஸ்?" என்றாள்.

"படத்துல விரல் தெரியுதும்மா. குணம் தெரியலையே" என்றேன்.

கடையே சிரித்தது. பழைய மோதிரத்தை போன் திரையில் வைத்தால் அளவு சொல்லும் வசதியெல்லாம் வந்துவிட்டதாம். நல்லதுதான். ஆனால் பாதி மோதிரம் திரும்பி வருகிறது என்று அவளே உதட்டைப் பிதுக்கினாள். "உங்க ட்ரிக் எல்லாத்தையும் எழுதிக் குடுங்க ஆன்ட்டி, குரூப்ல போடறோம்" என்றாள். ட்ரிக் என்று ஒன்றும் கிடையாது. என்னிடம் இருப்பது ஆட்கள்தான். அவர்களைப் பற்றி எழுதுகிறேன், அதற்குள் ட்ரிக் இருந்தால் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகிக் கப்பலில் வந்தேன், வாந்தி எடுத்துக்கொண்டே. டெலானிபூர் மேட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அவர் கம்பத்துக்குப் போன பிறகு சுவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சுவர் பதில் சொல்லாததால் வேலை தேடினேன். அப்போதுதான் ஜங்லிகாட் கடை முதலாளி, ஹாஜியார் என்றே எல்லாரும் கூப்பிடுவோம், ஒரு பெண் ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார். பொம்பளைப் பிள்ளைகள் கையைத் தொட்டு அளவெடுக்க அவருக்குக் கூச்சம். வரும் பெண்களுக்கும் கூச்சம். என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "தங்கச்சி, உங்க கை வேர்க்குமா?" என்பதுதான். வேர்க்காது என்றேன். மறுநாளே வரச் சொன்னார். ஆண்களுக்கு அவர் அளப்பார், பெண்களுக்கு நான். பிறகு அவருக்கு முட்டி வலி வந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். ஆண்களும் என் பங்குக்கு வந்தார்கள். வீட்டுக்காரரின் கிண்டலும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

ஹாஜியார் எதையும் சொல்லித் தரமாட்டார். அவர் செய்வார், நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் முதலில் எதிர்க்கடையிலிருந்து டீ வரும். உபசாரம் என்று நினைத்தேன். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த கை வீங்கியிருக்கும், மழையில் நனைந்து வந்த கை சுருங்கியிருக்கும். இரண்டும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தன் நிலைக்கு வந்துவிடும் என்பது பின்னால்தான் புரிந்தது. டீ முடியும் வரை ஊர்க்கதை. எந்தக் கையால் கிளாஸைப் பிடிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். வேலை செய்கிற கை எப்போதும் கொஞ்சம் தடிப்பு. இடது கையை அளந்து வலது கைக்கு மோதிரம் செய்தால் கணுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

பிறகுதான் சைஸ் கொத்து வெளியே வரும். சாவிக்கொத்து மாதிரி ஒரு பெரிய வளையத்தில் வரிசையாக அளவு மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் எண். பெரியதில் ஆரம்பித்துச் சின்னதுக்கு இறங்க வேண்டும். சின்னதில் ஆரம்பித்துப் பலவந்தமாகத் திணித்தால் விரல் கோபித்துக்கொண்டு வீங்கும். கணுவைத் தாண்டும்போது லேசாக ஒரு தடை இருக்க வேண்டும். அடியில் போய் உட்கார்ந்த பிறகு, கையை மூடித் திறக்கச் சொல்வார். கீழே தொங்கவிட்டு உதறச் சொல்வார். அது அசையாமல் இருந்தால், கழற்றச் சொல்வார். கழற்றும்போது வாடிக்கையாளர் முகம் சுளிக்க வேண்டும், ஆனால் "ஸ்ஸ்" என்று சொல்லக் கூடாது. அதுதான் அவருடைய அளவு.

"போகும்போது கொஞ்சம் யோசிக்கணும் தங்கச்சி, வரும்போது நிறைய யோசிக்கணும்" என்பார்.

"மோதிரமா ஹாஜியார், இல்ல மருமகனா?" என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்குவார். சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பட்டையான மோதிரம் என்றால் அளவில் ஒரு படி கூட்டவேண்டும், அகலம் கூடக்கூட விரலைப் பிடிக்கும். விடிகாலை விரலுக்கும் சாயங்கால விரலுக்கும் வித்தியாசம் உண்டு. இதெல்லாம் எங்கேயும் உள்ள கதை. எங்கள் தீவுக்கென்று ஒரு விதி இருந்தது. கப்பலில் இறங்கி நேராக வந்தவருக்கு அளவெடுக்க மாட்டார் ஹாஜியார். உட்கார்ந்தபடியே பயணம், சரியான தூக்கம் இல்லை, உப்புக்காற்று, ஊறுகாய்ச் சோறு. விரல் பன் மாதிரி உப்பியிருக்கும். "கப்பல் விரல்" என்று அதற்குக் கடையில் பேர். "ஒரு ராத்திரி தூங்கிட்டு வாங்க, மோதிரம் எங்கயும் ஓடிராது" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் வரவே முடியாதவர்கள்? அங்கேதான் எங்கள் ஊரின் கூத்து. கச்சால், கேம்பல் பே, டிக்லிபூர் என்று ஆள் எங்கோ இருப்பார். கல்யாணம் இங்கே நிச்சயமாகும். கப்பல் எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது. நூலில் அளந்து அனுப்புவார்கள். மங்களமாக இருக்கட்டும் என்று அந்த நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்து அனுப்புவார்கள். காய்ந்து சுருங்கி அது ஒரு குழந்தை விரலாக வந்து சேரும். வனத்துறைக்காரர் ஒருவர் மாயாபந்தரிலிருந்து கேரட்டைத் தன் மனைவி விரல் கனத்துக்குச் செதுக்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் வந்த கேரட் வாடி வதங்கியிருந்தது. "உங்க சம்சாரம் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் மேலே, இரவல் விரல். "அவளும் இவளும் ஒரே உடம்பு வாக்கு" என்று யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து, அவர் விரலில் இவருக்கு அளவெடுக்கச் சொல்வார்கள். வராத அக்காவுக்குத் தங்கை. பெண்டாட்டிக்கு மாமியார். ஒருமுறை ஒரு வங்காளி பாபு, மனைவிக்காகத் தன் மச்சினனைக் கூட்டி வந்தார். அந்தப் பையன் வெட்கத்தோடு விரலை நீட்டி, நகப்பூச்சு வைத்துக் காட்டச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தபடி இருந்தான்.

அப்படி ஒரு இரவல் விரலோடுதான் பேச்சியம்மாள் வந்தாள்.

கராச்சர்மா பஸ் ஸ்டாப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தவள். குரல் கராச்சர்மாவில் எழும்பினால் கடல் தாண்டிக் கேட்கும். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த சைஸ் கொத்தை மேசைக்கடியில் தள்ளினேன். காரணம் இருந்தது.

அதற்குச் சில வருஷம் முன்னால் அவள் மூத்த மகன் நிச்சயத்துக்கு எங்கள் கடையில்தான் மோதிரம் எடுத்தாள். இரவல் விரல் இல்லை. பெண்ணே வந்தாள், அப்பாவோடு. அளவெடுத்தது நான். டீயைத் தொடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, கேட்டதற்கெல்லாம் அப்பாதான் பதில் சொன்னார். கூச்சமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். நிச்சயத்தன்று அந்த மோதிரம் கணுவில் நின்றுவிட்டது. தள்ளினார்கள், சோப்புத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். போகவில்லை. பெண் கண்ணில் தண்ணீர். பேச்சியம்மாள் எழுந்து, "சகுனம் சரியில்ல, எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று நிறுத்திவிட்டாள். மறுநாள் கடைக்கு வந்து ஆடிய ஆட்டம்! வாசலில் நின்ற ஆட்டோக்காரர்கள் எல்லாம் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவும் எதிர்க்கடை ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"அளக்கத் தெரியாதவள எல்லாம் வேலைக்கு வச்சா இப்படித்தான்! ஒரு பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்களே!" என்று மோதிரப் பெட்டியை மேசை மேல் போட்டாள்.

ஹாஜியார் எழுந்து நின்று, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அவள் போன பிறகு அந்த மோதிரத்தை எண் குறித்த அளவுக் குச்சியில் மாட்டிப் பார்த்தார். "அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பெட்டிக்குள் வைத்தார். எனக்கு ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு ஒவ்வொரு விரலையும் திரும்பத் திரும்ப அளந்தேன். "அக்கா, விரல்தான் அளக்கிறீங்களா, நிலம் அளக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். ராத்திரி படுத்தால் அந்தப் பெண்ணின் கண்தான் வரும்.

அப்பேர்ப்பட்ட பேச்சியம்மாள் மறுபடி நம் கடைப் படியேறுகிறாள் என்றால் எப்படி இருக்கும்? கூடவே இளைய மகன் முருகேசன், தீவுக்குத் தீவு போகும் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை. பின்னால் நாத்தனார் மகள் ரேவதி. தீக்குச்சி உடம்பு.

"என்னம்மா, இன்னும் நீதான் இருக்கியா?" என்றாள் என்னைப் பார்த்து.

"உங்க புண்ணியத்துல இருக்கேன்க்கா. உக்காருங்க, டீ சொல்றேன்."

"டீ எல்லாம் குடிக்கிறேன். போன தடவை மாதிரி பண்ணிராத. சின்னவனுக்குப் பொண்ணு பாத்திருக்கு. கச்சால்ல ரப்பர் தோட்டத்துக் குடும்பம், சிலோன்ல இருந்து வந்தவங்க. தூரத்துச் சொந்தம் ஒருத்தர் சொல்லி வந்த சம்பந்தம். பொண்ணு யோகேஸ்வரி. நிச்சயத்துக்கு மொத நாள்தான் கப்பல்ல வருது. போட்டோவுல பாத்தேன், அச்சு அசல் நம்ம ரேவதி விரலேதான். இவளுக்கு எடு."

"போட்டோவுல விரல் தெரிஞ்சுதா அத்தை? எனக்கு ஜடைதான் தெரிஞ்சுது" என்றாள் ரேவதி.

"நீ கைய நீட்டுடி."

கச்சால் தீவில் அப்போது போன் சிக்னல் கிடைக்க மரம் ஏற வேண்டும். வேறு வழியில்லை. ரேவதிக்குக் கொத்தில் பத்தாம் எண் கச்சிதமாகப் போனது. அளந்துகொண்டே முருகேசனைப் பார்த்தேன். பையன் முகம் சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி இருந்தது. கொத்தில் இருந்த பெரிய மோதிரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான், மூடினான்.

"என்ன தம்பி, சரிதானே?" என்றேன்.

"அம்மா சொன்னா சரிதான்" என்றான்.

பேச்சியம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பாத்தியா? பொண்ணு பாத்ததுலேர்ந்து எம்மவன் இப்படித்தான். ‘நீங்க சொன்னாச் சரிம்மா, நீங்க சொன்னாச் சரிம்மா.’ இவ்வளவு சமத்தா இவனை நான் பெத்ததா ஞாபகமே இல்ல."

பிறகு என் பக்கம் குனிந்து, குரலை இறக்கி, "இந்தத் தடவை மோதிரம் நின்னுச்சுன்னா இந்தச் சம்பந்தமும் நின்னுரும். எனக்கு மனசு ஒப்பாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு வேலை பாரு" என்றாள்.

மறுநாள் கடை திறந்த கையோடு முருகேசன் வந்து நின்றான். தனியாக. ஹாஜியார் நாற்காலியில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டார்.

"அக்கா… அந்த அளவு வேணாம்க்கா."

"ஏன் தம்பி?"

"அது… போகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் போட்டோவுலதானே பாத்தீங்க?"

காது வரை சிவந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தான். பித்தளை வாஷர். இஞ்சின் ரூமில் போல்ட்டுக்கு அடியில் போடுவார்களே, அது. விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான்.

"இது அவங்க விரல்ல போகும்க்கா. கணுவுல கொஞ்சம் நிக்கும், அப்புறம் போயிரும். கீழ போனதும் சுத்தும்."

யோகேஸ்வரி டைப்பிங் பரீட்சைக்காக அடிக்கடி இவன் கப்பலில்தான் போர்ட் பிளேர் வந்துபோயிருக்கிறாள். மேல் தளத்தில் காற்று வாங்க நிற்கும்போது பேச்சு. அந்தத் தூரத்துச் சொந்தத்தைப் பிடித்து, வீட்டுக்குச் சம்பந்தம் கொண்டுபோகச் சொன்னதும் இவனேதான்.

"அப்ப நிச்சயதார்த்தம் ஏற்கனவே நடுக்கடல்ல முடிஞ்சுபோச்சு. வாஷர் போட்டு. பாக்கி இருக்கறது பந்தி மட்டும்தானா?" என்றேன்.

பேப்பருக்குப் பின்னால் ஹாஜியார் குலுங்குவது தெரிந்தது.

"அம்மாகிட்ட சொல்லிராதீங்கக்கா. அண்ணன் விஷயத்துல மோதிரம் நின்னதுக்கே அவங்க அப்படிப் பண்ணாங்க. நானாப் பாத்து வச்சேன்னு தெரிஞ்சா…" அவன் முடிக்கவில்லை. அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

வாஷரைக் குச்சியில் மாட்டினேன். பதினாலு. ரேவதிக்கும் இதற்கும் நாலு படி. யோகேஸ்வரி சின்ன வயதிலிருந்து அப்பாவோடு ரப்பர் பால் வெட்டியவள் என்றான். கத்தி பிடித்துப் பிடித்துக் கணு தடித்திருக்கிறது, அடி மட்டும் ஒல்லி. இப்படி விரல்தான் எங்கள் தொழிலில் சிக்கல். கணுவுக்குப் பார்த்தால் அடியில் சுற்றும், கல் உள்ளங்கைக்குப் போய்விடும். அடிக்குப் பார்த்தால் கணுவைத் தாண்டாது. வாஷர் வேறு மெல்லிசு, பேச்சியம்மாள் எடுத்திருந்ததோ பட்டை மோதிரம். வாஷர் தாண்டிய கணுவைப் பட்டை தாண்டாது. போதாக்குறைக்குப் பெண் வருவது கப்பலில்.

ஹாஜியார் பேப்பரை மடித்தார். "பதினஞ்சுல பண்ணச் சொல்லுங்க தங்கச்சி. உள்பக்கம் அடியில ரெண்டு சின்னப் பொட்டு வைக்கச் சொல்லுங்க, சோத்துப் பருக்கை அளவு தங்கம். கணுவை அது தாண்டிரும். கீழ போனதும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும், சுத்தாது."

"அந்த அம்மா வாங்க வரும்போது ரேவதி விரல்ல போட்டுப் பாத்தா?"

"பாப்பாங்க."

"அப்ப என்ன சொல்றது?"

"பொய் சொல்லக் கூடாது" என்றார். இதுதான் அவரோடு கஷ்டம். எதைச் சொல்லக் கூடாது என்று சொல்வார், எதைச் சொல்வது என்பதை நம்மிடம் விட்டுவிடுவார்.

பார்த்தார்கள். மோதிரம் ரேவதி விரலில் தொளதொளவென்று ஒரு சுற்றுச் சுற்றித் தரையில் விழுந்தது.

"அத்தை, இது எனக்குக் கட்டை விரலுக்குத்தான் ஆகும்" என்றாள் அவள்.

பேச்சியம்மாள் குனிந்து எடுத்தாள். உள்பக்கம் தடவினாள். "இது என்ன உள்ள ரெண்டு கொப்புளம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் நாற்காலியிலிருந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "போட்டுக்கப் போற புள்ளைக்குச் சரியா இருக்கும்மா. இல்லேன்னா நான் திருப்பி எடுத்துக்கறேன். போன தடவை எடுத்துக்கிட்ட மாதிரி."

இதோ இடி விழப்போகிறது என்று நான் அளவுக் கொத்தை இறுக்கிப் பிடித்தேன். பேச்சியம்மாள் முருகேசன் பக்கம் திரும்பினாள். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தைக் கொலுசுகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மோதிரத்தைப் பெட்டியில் வைத்து மூடி, பைக்குள் போட்டு, "சலோ" என்று எழுந்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நிச்சயத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். "நீ வா. நின்னுச்சுன்னா பதில் சொல்ல ஆள் வேணுமில்ல" என்று. கராச்சர்மாவில் ஒரு சின்ன மண்டபம். முந்தின நாள் வரவேண்டிய கப்பல் கடல் கொந்தளிப்பில் தாமதமாகி அன்று காலையில்தான் ஜெட்டிக்கு வந்திருந்தது. நான் பெண் அறைக்குள் போய் யோகேஸ்வரியின் கையைப் பிடித்தேன். கப்பல் விரல். பத்தும் பன்.

பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முக்க வைத்தேன். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். பட்டுப்புடவையோடு பெண் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எட்டிப் பார்த்த பிள்ளைகள் எல்லாம், "க்யா ஹுவா, பொண்ணு அதுக்குள்ள சரண்டரா?" என்று சிரித்தார்கள்.

"அக்கா, இதுக்கு மேல ஏலாதுக்கா, தோள் நோகுது" என்றாள்.

"கொஞ்சம் பொறும்மா. வாஷர் போட்டப்ப இவ்வளவு கஷ்டமா இருந்துச்சா?"

அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு கையைத் தூக்கியபடியே முகத்தைத் தோளில் மறைத்துக்கொண்டு சிரித்தாள். வீக்கம் பாதிதான் வடிந்திருந்தது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

முருகேசன் மோதிரத்தை எடுத்தான். முதல் கணு தாண்டியது. நடுக்கணுவில் நின்றது.

பின்னால் சாம்பார் வாளியின் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. மூத்தவன் நிச்சயத்துக்கும் இதே கூட்டம்தானே வந்திருந்தது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முருகேசன் தள்ளப் பயந்து, கையை அப்படியே வைத்திருந்தான். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. எல்லார் கண்ணும் மோதிரத்தில் இருந்தது. நான் மட்டும் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகேஸ்வரி சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். என்ன நடக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். கூச்சத்தில் லேசாக வளைந்திருந்த விரலை, தூரத்துக் கப்பலைக் காட்டுவது மாதிரி நேராக நீட்டினாள். நீட்டியதோடு நிற்கவில்லை. கையையே முன்னால் தள்ளினாள். மோதிரம் ஒரு குலுக்கலோடு கணுவைத் தாண்டி அடியில் போய் உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை.

"அரே வா! மாப்பிள்ளைக்கு வேலையே வைக்கல, பொண்ணே மாட்டிக்கிட்டாளே!" என்று யாரோ கத்தினார்கள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது பேச்சியம்மாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்ததும் என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள்.

"எம்மவன் உங்கிட்ட வந்தானா?"

பொய் சொல்லக் கூடாது. "வந்தார்க்கா" என்றேன்.

"வருவான்னு தெரியும். பெரியவன் அப்பாவி, நான் சொன்னதுக்குத் தலையாட்டினான். இவனும் அப்படித் தலையாட்டுறானா, இல்ல நெசமாவே இந்தப் பொண்ணு வேணுமான்னு எனக்குத் தெரியணும். அதான் ரேவதியக் கூட்டியாந்தேன். ரப்பர் வெட்டுற பொண்ணுக்குத் தீக்குச்சி விரலா சேரும்? ‘இது சேராதும்மா’ன்னு வாயத் தொறந்து எங்கிட்டச் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. ஆனா கடையில மோதிரம் ரேவதி கையிலேர்ந்து விழுந்துச்சே, இவன் போய் அளவ மாத்தியிருக்கான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அது மட்டும் அவளுக்குச் சரியாப் போயிருந்தா, அன்னிக்கே இதை நிறுத்தியிருப்பேன்."

"இன்னிக்கு நின்னப்ப?"

"இவனுக்கு வேணும்னு தெரிஞ்சாச்சு. அவளுக்கு வேணுமான்னு தெரியணுமே. அதான் விரலையே பாத்துக்கிட்டிருந்தேன்." காலியான சாம்பார் வாளியை ஓரமாகத் தள்ளினாள். "பெரியவனுக்குப் பாத்த பொண்ணு விரலை மடக்கிக்கிட்டாம்மா. யாருக்கும் தெரியாம, கொஞ்சமா. நான் கிட்ட இருந்தேன், பாத்துட்டேன். பக்கத்துல அவ அப்பன் நிக்கான். பொண்ணுக்கு இஷ்டமில்லன்னு நான் சொல்லியிருந்தா அன்னிக்கு வீட்டுல அவளுக்கு என்ன ஆயிருக்கும்? அதான் மோதிரத்து மேல போட்டேன், சகுனத்து மேல போட்டேன்."

"கடையில வந்து அந்தக் கத்து கத்துனீங்களே!"

"அவ அப்பன் எதிர்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தான்ல? கத்தாட்டா நம்புவானா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "எங்கிட்டயாவது அப்புறமாச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா? இத்தனை வருஷம் நான்தான் தப்பா அளந்துட்டேன்னு…"

"உங்கிட்டயா?" பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்தாள். "உங்கிட்டச் சொன்னா சாயங்காலம் ஜங்லிகாட் பூரா தெரிஞ்சிருக்கும். நீ வாய மூடுற ஆளா?"

மறுநாள் போய் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அசையவே இல்லை. "அன்னிக்குக் குச்சியில போட்டப்பவே தெரியும் தங்கச்சி. அளவு சரியா இருந்தும் போகலேன்னா, விரல் வேண்டாம்னு சொல்லியிருக்கு" என்றார்.

"அப்ப நீங்களாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எதிரே டீக்கடையில் கூடியிருந்த என் சிநேகிதிகளைப் பார்த்தார். பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஹாஜியார் இன்று இல்லை. முருகேசனும் யோகேஸ்வரியும் கராச்சர்மாவில்தான் இருக்கிறார்கள், டிபன் கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். மோதிரம் இன்னும் சுற்றவில்லை என்று தோசை போடும்போதே கையைக் காட்டுவாள். அந்த இன்னொரு பெண் தான் விரும்பிய இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு மெயின்லேண்டில் இருப்பதாகக் கேள்வி.

இதை எழுதலாமா என்று கேட்கப் பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். குரல் கொஞ்சம் இளைத்திருக்கிறது, அதிகாரம் இளைக்கவில்லை. முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பேரு எங்கயாவது வருதா?"

"இல்லக்கா. போடல."

"போடாத. என் பேரைப் போடு. நல்லாப் பெருசாப் போடு. அளவு சரியாத்தான் இருந்துச்சு, பேச்சியம்மாதான் பொய் சொன்னான்னு எழுது."